நம்ம நிறத்துக்கு எது பொருந்தும்? முகப் பவுடரும் பிரான்சரும் பார்த்து வாங்கும் முறை



கூட்டமைப்புக் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. பியூட்டி பார்லர் வைக்கக் குழுவில் கடன் எடுத்த உறுப்பினர்கள் கேட்பது ஒன்று: "பிரான்சர் வாங்கணும்னு பயிற்சியில சொன்னாங்க. கடையில நூத்தி இருபதுக்கும் இருக்கு, மூவாயிரத்துக்கும் இருக்கு. எதை வாங்குறது?" தாய்மார்கள் கேட்பது இன்னொன்று: "பொண்ணு காலேஜ் போறா. முகத்துக்கு என்னென்னமோ வாங்கிப் பூசுறா. எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

இரண்டையும் சேர்த்து இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். "அழகுச் சாமானுக்கு ஒரு பாடமா, இதெல்லாம் வீண் செலவுதானே" என்று சில அக்காமார் நினைக்கலாம். பூசுவதும் பூசாததும் அவரவர் விருப்பம். ஆனால் வாங்குகிற பணம் நம்ம பணம், பூசுகிற முகம் நம்ம முகம். விதை வாங்கும்போதும் மாடு வாங்கும்போதும் பார்த்து, விசாரித்து வாங்குகிற நாம், முகத்தில் பூசுகிற பொருளைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வருகிறோம். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இந்தப் பாடம்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் நமக்குத் தெரிய வேண்டியவை:

1. நம்ம தோல் நிறத்துக்குச் சரியான ஷேடு எது என்று நாமே கண்டுபிடிப்பது.
2. எந்த விலைப் பொருள் யாருக்குத் தேவை என்று கணக்குப் பார்ப்பது.
3. பெட்டி மேல் உள்ளதைப் படித்து, ஆபத்தான பொருளை ஒதுக்குவது.

பிரான்சர் என்றால் என்ன?

பிரான்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெண்கலம் என்று பொருள். பொங்கல் வைக்கிற வெண்கலப் பானையின் நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு அந்தச் சாயலில் ஒரு வெதுவெதுப்பான பழுப்பு நிறம் கொடுக்கும் பவுடர்தான் பிரான்சர். நம் தோலைவிட ஒன்று அல்லது இரண்டு ஷேடு அடர்த்தியாக இருக்கும். முகம் முழுக்க அடிக்கிற பவுடர் இது இல்லை. வெயில் படுகிற இடங்களில் மட்டும், அதாவது நெற்றி ஓரம், கன்ன எலும்பு, தாடை ஓரம் ஆகிய இடங்களில் லேசாகத் தடவுவது.

வெள்ளைக்காரர் நாடுகளில் இதை எதற்குப் பூசுகிறார்கள் தெரியுமா? வெயிலில் நின்று கறுத்த மாதிரி தெரிவதற்கு! கெர்லேன் என்ற பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி 1984-ல் இந்த மாதிரி ஒரு பவுடரைக் கொண்டு வந்து 'டெரகோட்டா' என்று பெயர் வைத்தது. டெரகோட்டா என்றால் சுட்ட மண். நம்ம ஊர் அய்யனார் கோயில் குதிரை செய்கிற அதே சுட்ட மண்ணின் நிறம். அந்த நிறம் வேண்டும் என்று அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். பிறக்கும்போதே அந்த நிறத்தோடு வந்த நாம், அதை மறைக்கக் காசு கொடுக்கிறோம். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"அப்போ ஏற்கெனவே மாநிறமா இருக்கிற நமக்கு பிரான்சர் எதுக்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே நிறப் பவுடரை முகம் முழுக்க அடித்தால், முகத்தின் மேடு பள்ளம் மறைந்து போட்டோவில் தட்டையாகத் தெரியும். கன்னத்து ஓரத்திலும் நெற்றி ஓரத்திலும் கொஞ்சம் அடர்ந்த நிறம் வந்தால் முகம் மறுபடி முகமாகத் தெரியும். மணப்பெண் அலங்காரத்தில் இதற்காகத்தான் பயன்படுகிறது. தினமும் வயலுக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு இது கட்டாயம் இல்லை.

சாம்பல் பூத்த முகம் ஏன் வருகிறது?

கல்யாண வீட்டில் பார்த்திருப்போம். முகம் வெள்ளையாக, கழுத்து வேறு நிறமாக, கை இன்னொரு நிறமாக இருக்கும். கொஞ்சம் வேர்த்ததும் திருநீறு பூசின மாதிரி திட்டுத் திட்டாக ஆகிவிடும். பெண் மேல் குற்றம் இல்லை, பவுடர் மேல்தான் குற்றம்.

பவுடரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். டால்க் என்பது ஒரு வகை மென்மையான கல்லின் தூள். அதோடு டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்ற வெள்ளைத் தூள் சேர்ப்பார்கள். இவை தோலை மூடும். ஆனால் நம்ம நிறத்தின் மேல் வெள்ளைத் தூள் விழுந்தால் சாம்பல்தான் தெரியும், அழகு வராது. நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு என்ற தூள்கள். அவை மூன்று வகை: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். இந்த மூன்றையும் வேறு வேறு அளவில் கலந்துதான் உலகத்தில் உள்ள எல்லாத் தோல் நிறத்துக்கும் பவுடர் செய்கிறார்கள்.

பெட்டியில் இதை எண்ணாகவும் போட்டிருப்பார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்:

77491 – சிவப்பு இரும்பு ஆக்சைடு
77492 – மஞ்சள் இரும்பு ஆக்சைடு
77499 – கறுப்பு இரும்பு ஆக்சைடு
77891 – டைட்டானியம் டை ஆக்சைடு (வெள்ளை)

முதல் மூன்றும் இருந்தால் அது நிறம் சேர்த்த பவுடர். அது மட்டும் நமக்குப் பொருந்திவிடும் என்று அர்த்தம் இல்லை. ஷேடு பார்க்க வேண்டும்.

ஷேடு பார்ப்பது எப்படி?

ஃபேன்சி ஸ்டோரில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"அக்கா, எனக்கு ஒரு காம்பேக்ட் குடுங்க."
"என்ன ஷேடு தங்கச்சி?"
"நல்லா வெள்ளையாக் காட்டுறதா குடுங்க."

இந்த மூன்றாவது வரியில்தான் பணம் வீணாகிறது. சரியான பவுடர் நம்மை வெள்ளையாகக் காட்டாது. பூசியதே தெரியாமல் தோலோடு சேர்ந்து போகும்.

நம்ம ஊரில் நிறத்துக்கு எத்தனையோ பெயர் உண்டு. சிவப்பு, எலுமிச்சம்பழ நிறம், புதுநிறம், மாநிறம், கருப்பு என்று சொல்கிறோம். கடைப் பெட்டியில் வேறு பெயர்கள் இருக்கும். ஐவரி, ஷெல், பியர்ல் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மிக வெளிர். பீஜ், சேண்ட், ஹனி என்றால் நடுத்தரம். கேரமல், டாஃபி, செஸ்ட்நட், மோக்கா, சாக்லேட் என்றால் அடர்த்தி. ஆனால் ஒரு கம்பெனியின் பீஜ் இன்னொரு கம்பெனியின் ஹனியாக இருக்கும். அதனால் பெயரை நம்பாமல் பூசிப் பார்த்து வாங்க வேண்டும்.

பூசிப் பார்க்கும் முறை:

1. புறங்கையில் பார்க்காதீர்கள். வேலை செய்கிற கை முகத்தைவிட வெயில் பட்டுக் கறுத்திருக்கும். கன்னம் முடிந்து கழுத்து தொடங்கும் தாடை ஓரத்தில் பாருங்கள்.

2. முகத்தைத் தண்ணீரில் கழுவி, துடைத்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே பவுடர் இருந்தால் சரியாகத் தெரியாது.

3. மூன்று ஷேடுகளை விரலால் பக்கத்தில் பக்கத்தில் கோடு மாதிரி தடவுங்கள். எந்தக் கோடு தோலில் காணாமல் போகிறதோ அது உங்கள் முகப் பவுடர் ஷேடு.

4. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கூட வந்தவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

5. பத்து நிமிடம் பொறுங்கள். தோலில் உள்ள எண்ணெய் பட்டதும் சில பவுடர்கள் நிறம் கூடும்.

6. பிரான்சர் வேண்டும் என்றால், உங்கள் ஷேடு தெரிந்த பிறகு அதைவிட ஒன்று அல்லது இரண்டு படி அடர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். மாநிறத்துக்குக் கேரமல் மாதிரியான பொன் பழுப்பு பொருந்தும். நல்ல கருப்பு நிறத்துக்குக் கருப்பட்டி, செங்கல் சாயலில் உள்ள அடர் பழுப்பு அழகாக இருக்கும். ஆரஞ்சு அடித்தால் வேண்டாம். சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தாலும் நம்ம தோலில் அழுக்கு மாதிரி தெரியும்.

இங்கே காசு மிச்சமாகும் விஷயம் ஒன்று உண்டு. பிரான்சர் என்று பெயர் போட்ட பெட்டிதான் வேண்டும் என்பது இல்லை. மினுமினுப்பு இல்லாத சாதாரண காம்பேக்டில் உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு அடர்ந்ததை வாங்கினால் அதுவே பிரான்சர் வேலையைச் செய்யும். அதேபோல, வெளிநாட்டு பிரான்சர் பலவும் வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றின் வெளிர் ஷேடுகள் நம்மில் பலருக்குத் தோல் நிறமாகவே இருக்கும். தடவினால் ஒன்றும் தெரியாது. மூவாயிரம் கொடுத்து வாங்கிவிட்டு "ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்வது இதனால்தான்.

மேட் நல்லதா, மினுமினுப்பு நல்லதா?

மேட் என்றால் பளபளப்பு இல்லாதது. மினுமினுப்பு உள்ளதில் மைக்கா என்ற அபிரகத் தூளின் பெரிய துகள்கள் இருக்கும். நம்ம ஊர் வெயிலிலும் வேர்வையிலும் முகம் தானாகவே பளபளக்கும். அதன் மேல் மினுமினுப்பும் சேர்ந்தால் எண்ணெய் வடிகிற மாதிரி இருக்கும். பருத் தழும்பு, அம்மைத் தழும்பு உள்ள இடத்தில் மினுமினுப்புப் பட்டால் பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் பகல் விசேஷத்துக்கும் போட்டோவுக்கும் மேட்தான் ஏற்றது.

எளிய சோதனை: விரலில் கொஞ்சம் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஜிகினா மாதிரி புள்ளி மின்னினால் அது மேட் இல்லை.

எந்த விலைக்கு என்ன கிடைக்கும்?

விலை கடைக்குக் கடை, வருடத்துக்கு வருடம் மாறும். எப்போதும் பெட்டி மேல் உள்ள எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். தோராயமாக நான்கு படியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் படி, 100 ரூபாய்க்குள்: இதில் கிடைப்பது பெரும்பாலும் டால்கம் பவுடர். இது வேர்வைக்கு உடம்பில் போடுவது. முகத்துக்கு நிறம் பொருத்துகிற பொருள் இல்லை. போடப் பிரியப்பட்டால் மிகக் கொஞ்சமாகப் போட்டு, ஈரத் துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். கைக்குழந்தை முகத்துக்குப் பக்கத்தில் டப்பாவைக் குலுக்கிக் கொட்டாதீர்கள். தூள் நுரையீரலுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்ற பிரிவில் சேர்த்துள்ளது. பயந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் மூச்சோடு இழுக்காமலும், மறைவிடத்தில் போடாமலும் இருப்பது நல்லது.

இரண்டாம் படி, 100 முதல் 250 வரை: உள்நாட்டுக் கம்பெனிகளின் காம்பேக்ட், சிறிய பிரான்சர் பெட்டிகள். பூசும் தரம் பலதில் நன்றாகவே இருக்கும். குறை என்னவென்றால் ஷேடு குறைவு. இரண்டு மூன்று வெளிர் நிறம்தான் கடையில் இருக்கும். பொருந்தும் நிறம் கிடைத்தால் வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும்.

மூன்றாம் படி, 250 முதல் 700 வரை: பெரிய கம்பெனிகள். அடர்ந்த ஷேடுகள் கிடைக்கத் தொடங்குவது இந்தப் படியில்தான். பவுடர் மெல்லிதாக இருக்கும், திட்டு விழுவது குறையும். புதிதாகப் பார்லர் தொடங்குகிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

நான்காம் படி, 1,000-க்கு மேல்: வெளிநாட்டுக் கம்பெனிகள், சினிமா மேக்கப் சாமான்கள். ஷேடு நிறைய, நேரம் நிற்கும். மாதத்துக்குப் பல கல்யாணம் செய்கிறவருக்கு இது தொழில் கருவி. வருடத்துக்குச் சில விசேஷம் போகிறவருக்குத் தேவையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கிராம் பிரான்சர் பத்து முகத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலையும் எடையும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

அ பெட்டி: 8 கிராம், 120 ரூபாய். 80 முகம். ஒரு முகத்துக்கு 1 ரூபாய் 50 காசு.
ஆ பெட்டி: 9 கிராம், 450 ரூபாய். 90 முகம். ஒரு முகத்துக்கு 5 ரூபாய்.
இ பெட்டி: 10 கிராம், 2,400 ரூபாய். 100 முகம். ஒரு முகத்துக்கு 24 ரூபாய்.

பார்லர் நடத்துகிற தங்கை இ பெட்டியை வாங்கினாலும், மணப்பெண் அலங்காரக் கூலியில் 24 ரூபாய் பெரிய தொகை இல்லை. பெட்டியும் தீர்ந்துவிடும்.

வீட்டு உபயோகத்துக்கு வருவோம். வருடத்துக்கு 20 விசேஷம் என்றால், இரண்டு வருடத்தில் 40 தடவைதான் பூசுவோம். திறந்த பெட்டியில் மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு படமும் அதில் 24 என்ற எண்ணும் இருந்தால், திறந்து 24 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அர்த்தம். அதற்குள் தீராத மிச்சம் குப்பைக்குத்தான். அப்படிப் பார்த்தால் இ பெட்டியில் ஒரு தடவைக்கு ஆகிற உண்மையான செலவு 60 ரூபாய். அ பெட்டியில் 3 ரூபாய். பெட்டி விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை தடவை பூசுவோம் என்று பார்த்தால் யாருக்கு எது சரி என்று தெரிந்துவிடும்.

அக்கா தங்கை, அம்மா மகள் ஒரே நிறமாக இருந்தால் ஒரு பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் பஞ்சும் பிரஷும் தனித்தனி.

பெட்டியைப் படிப்போம்

நம் நாட்டில் அழகுச் சாமான்களுக்கும் சட்டம் உண்டு. 1940-ம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், 2020-ம் ஆண்டு அழகுப் பொருட்கள் விதிகளும் இதற்காக உள்ளவை. வாங்கும் முன் பெட்டியில் இவற்றைத் தேடுங்கள்:

தயாரித்தவர் பெயரும் முகவரியும். பேட்ச் நம்பர். தயாரிப்பு உரிம எண் (எம்.எல். என்று தொடங்கும்). எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்ற தேதி. எடை. எம்.ஆர்.பி. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் பதிவு எண்ணும்.

பொருட்காட்சியிலும் சந்தையிலும் பெரிய கம்பெனி பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கும். பேட்ச் நம்பரும் முகவரியும் இல்லை என்றால் அது போலி. வீட்டுக்கு வந்து விற்கிறவரிடமும் இதையே கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

சமையலறைச் சாமானை வைத்து பிரான்சர் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பட்டைத் தூளை முகத்தில் பூசாதீர்கள். எரிச்சலும் தடிப்பும் வரும். எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போங்கள்.

வெளுக்க வைக்கும் கிரீம்: கவனம்

பொருந்தாத பவுடரால் பணம்தான் போகும். வெளுக்க வைக்கும் சில கிரீம்களால் உடம்பே போகும்.

சீக்கிரம் வெளுக்க வேண்டும் என்பதற்காகச் சில கிரீம்களில் பாதரசம் சேர்க்கிறார்கள். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுக் குழந்தையைத் தாக்கும். துண்டிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை வந்த நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோய் இருந்த 15 பேரில் 13 பேர் வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிய வந்தது. கால் வீக்கம், நுரை போகிற சிறுநீர் இதன் அறிகுறிகள். கிரீம் பூசுகிற யாருக்காவது இப்படி இருந்தால் கிரீமை நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

நம் நாட்டு விதிப்படி கிரீமில் வேண்டுமென்று பாதரசம் சேர்க்கக் கூடாது. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். பாதரசம் உள்ள கிரீமில்தான் அப்படி எழுதுவார்கள்.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர் இருந்தால் அது மருந்து, அழகுக் கிரீம் இல்லை. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், முடி வளரும், பரு வரும். நிறுத்தினால் எரியும். இந்த மாதிரி கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு 2018-ல் கொண்டு வந்தது. "மெடிக்கல்லயே குடுத்தாங்க" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை.

வெளுப்புதான் அழகு என்று நமக்குள் ஏறிய எண்ணம் ஒரு நாளில் வந்தது இல்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் கடைக்கு வந்தது. 45 வருடம் கழித்து 2020-ல் அந்தக் கம்பெனியே 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றியது. சென்னையில் பெண்கள் அமைப்பு ஒன்று 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது 'கருப்பும் அழகு' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பெட்டி மேல் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிற இடத்திலும் நம்ம வீட்டுப் பேச்சிலும் மாறியிருக்கிறதா? "கறுத்துப் போயிட்டா, வெயில்ல போகாதே" என்று மகளிடம் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அந்த கிரீம் டப்பாவைத் தேடி அவளை நாமே அனுப்புகிறோம்.

பார்லர் நடத்தும் உறுப்பினர்களுக்கு

கடன் வாங்கிய பணத்தில் சாமான் வாங்குவதால் இன்னும் சில சொற்கள்.

வெளிர் ஷேடு ஐந்து வாங்கி அடுக்காதீர்கள். நம்ம பகுதிப் பெண்களின் நிறம் எது என்று பாருங்கள். முகப் பவுடரில் நடுத்தரம் இரண்டு, அடர்த்தி இரண்டு. மேட் பிரான்சரில் கேரமல் ஒன்று, அடர் பழுப்பு ஒன்று. இவற்றைக் கலந்து பெரும்பாலான முகங்களுக்குப் பொருத்திவிடலாம். தீர்ந்ததை மட்டும் திரும்ப வாங்குங்கள்.

"நல்லா வெள்ளையாப் போட்டு விடுங்கக்கா" என்று மணப்பெண்ணோ அவள் அத்தையோ கேட்பார்கள். சண்டை போட வேண்டாம். ஒரு கன்னத்தில் அவர்கள் கேட்ட ஷேடு, மறு கன்னத்தில் பொருந்தும் ஷேடு போட்டு, கழுத்தோடு சேர்த்து ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். வெள்ளைத் தூள் அதிகம் உள்ள பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் மாவு பூசின மாதிரி தெரியும். கல்யாண ஆல்பம் ஆயுசுக்கும் இருப்பது. போட்டோவைப் பார்த்தால் அவர்களே முடிவு செய்வார்கள்.

ஒரே பஞ்சை எல்லா முகத்துக்கும் போடாதீர்கள். படை பரவும். பவுடரைக் கொஞ்சம் சுரண்டித் தட்டில் எடுத்து அதிலிருந்து பூசுங்கள். பிரஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள்.

தடவும்போது பிரஷில் எடுத்ததைத் தட்டி உதிர்த்துவிட்டு, நெற்றி ஓரம், கன்ன எலும்பின் கீழ், தாடை ஓரம் என்று '3' எழுதுகிற மாதிரி இழுங்கள். கோடு தெரியாமல் கலக்கும் வரை தேய்க்க வேண்டும். கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம்.

முறையாகக் கற்க நினைப்பவர்கள், மாவட்டத்தில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் அழகுக்கலைப் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டி, கீழே உள்ளவற்றைப் பேச வையுங்கள்.

1. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள பவுடர், கிரீம் டப்பாவைக் கொண்டு வாருங்கள். பேட்ச் நம்பர், தேதி, முகவரி இருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துச் சொல்லுங்கள். சந்தேகமான டப்பாக்களைத் தனியாக வையுங்கள்.

2. போன வருடம் வீட்டில் அழகுச் சாமானுக்கு எவ்வளவு செலவானது? அதில் பாதி கூடத் தீராமல் கிடப்பது எத்தனை?

3. நம் வீட்டுப் பிள்ளைகளின் நிறத்தைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? யார் முன்னால் சொல்கிறோம்?

4. வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்து, இரண்டு மூன்று காம்பேக்டை ஒருவருக்கொருவர் தாடையில் தடவிப் பாருங்கள். எது காணாமல் போகிறது? அந்த ஷேடின் பெயரைச் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "வெள்ளையாக் காட்டுறது குடுங்க" என்று கேட்காமல், அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.